கணினிக்குள் ஒரு காந்தம்: காந்தப் பொருள் மாடலிங்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகும் மாணவர்கள் வந்து கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "சார், காந்தவியல்ல கம்ப்யூட்டேஷனல் பண்ணலாம்னு இருக்கேன். எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்?" பெயரைச் சொல்ல அரை நிமிஷம் போதும். அதை நிறுவி, ஓட்டி, அழகான வண்ணப்படம் ஒன்றை எடுக்க ஒரு நாள் போதும். அந்தப் படத்தை, எதிரே கைகட்டி உட்கார்ந்திருக்கும் சோதனைக்கூடக்காரர் நம்பும்படி செய்யத்தான் பிஎச்.டி. காலம் முழுக்கப் போகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் சாஃப்ட்வேர் நான்காவது படியில்தான் வரும். அவசரம் இருப்பவர்களும் நேராக அங்கே தாவ வேண்டாம்.

படி 1: எந்த மாடியில் குடியிருக்கப் போகிறீர்கள்?

இந்தத் துறையை மூன்று மாடிக் கட்டடமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் எலக்ட்ரான்களைக் கணக்கிடுகிறார்கள். 1964, 1965 ஆண்டுகளில் ஹோஹன்பெர்க், கோன், ஷாம் ஆகியோர் போட்ட அடித்தளத்தில் எழுந்த டென்சிட்டி ஃபங்ஷனல் தியரிதான் இவர்களுடைய கருவி. குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ இலவசம். வியன்னாவில் உருவான வாஸ்ப்புக்கு உரிமம் வாங்க வேண்டும். ஒரு அணுவின் காந்தத் திருப்புத்திறன் எவ்வளவு (இரும்புக்கு சுமார் 2.2 போர் மேக்னட்டான்), பக்கத்து அணுவோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது, எந்தப் படிகத் திசையை விரும்புகிறது ஆகிய மூன்றும் இங்கிருந்து கிடைக்கும்.

நடுத்தளத்தில் எலக்ட்ரான்கள் இல்லை. ஒவ்வொரு அணுவும் ஒரு அம்புக்குறி, அதாவது ஒரு ஸ்பின். கீழே இருந்து வந்த எண்களை வைத்துக்கொண்டு, வெப்பத்தில் இந்த அம்புகள் எப்படி ஆடுகின்றன, எந்த வெப்பநிலையில் ஒழுங்கு கலைகிறது என்று பார்ப்பார்கள். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வாம்பயர், ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து வந்த அப்ஏஎஸ்டி போன்றவை இந்தத் தளத்துக்கானவை.

மேல்தளம் மைக்ரோமேக்னெடிக்ஸ். வில்லியம் ஃபுல்லர் பிரவுன் பெயர் வைத்து வளர்த்த பிரிவு. இங்கே அணுவும் மறைந்துவிடும். காந்தமாக்கல் என்பது தொடர்ச்சியாக ஓடும் ஒரு வெக்டர் புலம். டொமைன் சுவர் (வெவ்வேறு திசையில் காந்தமான பகுதிகளுக்கு நடுவிலுள்ள எல்லை), தயக்கச் சுற்று (ஹிஸ்டெரிசிஸ்), சுழல் எல்லாம் இங்கேதான் தெரியும்.

அளவு புரிவதற்கு ஒரு கணக்கு. 100 நானோமீட்டர் பக்கமுள்ள இரும்புக் கனசதுரத்தில் ஏறக்குறைய எட்டரைக் கோடி அணுக்கள் இருக்கும். கீழ்த்தளத்துக் கணக்குக்குச் சில நூறு அணுக்களிலேயே மூச்சு வாங்கும். நடுத்தளத்தில் பெரிய கிளஸ்டர் கிடைத்தால் எட்டரைக் கோடியையும் மிகக் குறுகிய நேரத்துக்கு ஓட்டலாம். மேல்தளத்தில் அதே கனசதுரத்தை 2.5 நானோமீட்டர் செல்களாக வெட்டினால் மொத்தம் 64,000 செல். விளையாட்டுக்கு வாங்கிய கிராபிக்ஸ் கார்டே அதைச் செய்துவிடும்.

புதிதாக வருபவர் மேல்தளத்தில் தொடங்குவது நல்லது என்பது என் கட்சி. விடை சீக்கிரம் வரும். தப்பும் சீக்கிரம் தெரியும். கீழ்த்தளத்தில் ஒரு தப்பு மூன்று மாதம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஆனால் எந்தத் தளத்தில் குடியேறினாலும் பக்கத்துத் தளத்துக்காரர் பேசும் மொழி புரிய வேண்டும். அங்கிருந்து வரும் எண்ணை வைத்துத்தான் நீங்கள் சமைக்கப் போகிறீர்கள்.

படி 2: ஒரே ஒரு அம்பு

1948ல் ஸ்டோனர், வோல்ஃபார்த் என்ற இருவர் லீட்ஸில் ஒரு மாடலை முன்வைத்தார்கள். சிறிய காந்தத் துகள் ஒன்று. அதன் காந்தமாக்கல் முழுவதும் ஒரே அம்பு. அந்த அம்புக்குப் பிடித்த அச்சு ஒன்று படிகத்தில் உண்டு. அச்சை விட்டு விலகினால் ஆற்றல் ஏறும்; இந்தத் திசைப் பிடிப்புக்கு அனைசோட்ரபி என்று பெயர். வெளியிலிருந்து வரும் காந்தப்புலம் அதைத் தன் பக்கம் இழுக்கும். ஆற்றலில் இந்த இரண்டு உறுப்புகள்தான். ஒரு மாலை நேரத்தில் பைத்தானில் எழுதிவிடலாம், நாற்பது வரிகூட வராது.

புலத்தைப் பெரிய நேர்மதிப்பில் தொடங்கி, சிறுசிறு படியாகக் குறைத்து, பூஜ்யம் தாண்டி, பெரிய எதிர்மதிப்புவரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு படியிலும் அம்பு எந்தக் கோணத்தில் நிற்கும் என்று கண்டுபிடித்து வரைய வேண்டும்.

இந்த இடத்தில் புதியவர்கள் தவறாமல் ஒரு குழியில் விழுவார்கள். நானும் விழுந்தேன். 360 டிகிரியையும் தேடி, ஆற்றல் எங்கே மிகக் குறைவோ அந்தக் கோணத்தை எடுத்துக்கொள்வோம். அதுதானே இயற்பியல் என்று தோன்றும். வரைந்து பார்த்தால் தயக்கச் சுற்றையே காணோம். போன வழியும் வந்த வழியும் ஒரே கோடு. காரணம், காந்தம் ஊரிலேயே ஆழமான பள்ளத்தைத் தேடிக்கொண்டு போவதில்லை. தான் கிடக்கும் பள்ளம் பள்ளமாக இருக்கும்வரை அதிலேயே கிடக்கும். பக்கத்தில் அதைவிட ஆழமான ஒன்று திறந்திருந்தாலும் நடுவில் மேடு இருக்கிறதே, எப்படிப் போகும்? புலம் ஏறி அந்த மேடு கரைந்த பிறகுதான் புரளும். பழைய நிலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இந்தக் குணத்தால்தான் ஹார்டு டிஸ்கில் எழுதியது அழியாமல் இருக்கிறது. ஆகவே முந்தைய படியில் கிடைத்த கோணத்திலிருந்து கீழே இறங்கி, முதலில் வரும் பள்ளத்தில் நிற்பதுபோல் நிரலை எழுதுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க மூன்று சோதனைகள் இருக்கின்றன. புலம் பிடித்த அச்சோடு இருந்தால் சுற்று சதுரமாக வர வேண்டும்; புரளும் புலம், அனைசோட்ரபி மாறிலியின் இரட்டிப்பை, காந்தப்புல மாறிலி மியூ-நாட்டும் நிறைவுக் காந்தமாக்கலும் (பொருள் எட்டக்கூடிய உச்ச காந்தமாக்கல்) சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும் மதிப்பு. புலம் 90 டிகிரியில் இருந்தால் சாய்ந்த நேர்கோடு, திறப்பே இருக்கக் கூடாது. 45 டிகிரியில் புரளும் புலம் முதல் மதிப்பில் சரிபாதி. மூன்றும் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அனைசோட்ரபி என்றதும் நம்மூர் ஆள் ஒருவர் நினைவுக்கு வருகிறார். வத்திராயிருப்பில் 1898ல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், டாக்காவிலும் பிறகு கல்கத்தாவிலும் இருந்தபோது படிகங்களின் காந்த அனைசோட்ரபியை அளந்தார். அவர் அளந்தவை ஃபெர்ரோ காந்தங்கள் அல்ல என்றாலும், திசைக்குத் திசை காந்தப்பண்பு மாறுவதை எவ்வளவு நுட்பமாக அளக்கலாம் என்பதற்கு அந்த வேலையைப் படித்துப் பார்க்கலாம்.

படி 3: அம்பைச் சுழல விடுங்கள்

ஸ்டோனர்–வோல்ஃபார்த்தில் நேரம் கிடையாது. அம்பு புரள எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் 1935ல் எழுதிய சமன்பாடு வேண்டும். ஆட்டத்தை மெல்ல அடக்கும் தணிப்பு உறுப்பை 1955ல் கில்பர்ட் வேறு வடிவில் எழுதினார். மூவர் பெயரையும் சேர்த்து எல்.எல்.ஜி. என்பார்கள். பம்பரம் தலையை ஆட்டிச் சுற்றுவதுபோல அம்பு புலத்தைச் சுற்றி வரும். தணிப்பு இருந்தால் சுற்றிக்கொண்டே புலத்தின் பக்கம் சாயும். 1 டெஸ்லா புலத்தில் விநாடிக்கு 2,800 கோடி சுற்று, அதாவது ஒரு சுற்றுக்குச் சுமார் 36 பிக்கோ விநாடி.

இதையும் ஒரே அம்புக்கு நீங்களே எழுதுங்கள். பள்ளியில் படித்த ஆய்லர் முறையை வைத்துப் பார்த்தால் அம்பின் நீளம் மெல்ல மெல்ல ஏறுவது தெரியும். பயப்பட வேண்டாம், அதைப் பார்க்கத்தான் சொன்னேன். அப்புறம் ருங்கே–குட்டாவுக்கு மாறுங்கள். தணிப்பைப் பூஜ்யமாக்கினால் ஆற்றல் மாறாமல் நிற்கிறதா, நேரப்படியைப் பாதியாக்கினாலும் அதே விடைதானா என்று பாருங்கள். இந்த இரண்டு பழக்கமும் ஓய்வு பெறும்வரை கூட வரும்.

படி 4: எல்லாரும் போட்ட கணக்கைப் போடுங்கள்

1990களில் நடந்த ஒரு சங்கடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட்டை மையமாகக் கொண்ட மியூமேக் குழு, உலகத்தில் மைக்ரோமேக்னெடிக்ஸ் செய்பவர்கள் எல்லாரையும் ஒரே கணக்கைப் போடச் சொன்னது. 1 மைக்ரானுக்கு 2 மைக்ரான், 20 நானோமீட்டர் தடிமனுள்ள பெர்மலாய் (நிக்கல்–இரும்புக் கலவை) தகடு. அதன் தயக்கச் சுற்றை வரைந்து அனுப்புங்கள். விடைகள் பெயர் போடாமல் வந்தன. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை. காந்த நீக்குத்திறன்கூட (காந்தமாக்கலைப் பூஜ்யமாக்கத் தேவையான எதிர்ப்புலம்) ஆளாளுக்கு ஒன்றாக இருந்தது. எல்லாரும் தீர்த்தது ஒரே சமன்பாட்டைத்தான், எல்லாரிடமும் நல்ல வண்ணப்படம் இருந்தது.

அந்த அடியிலிருந்து பிறந்த பழக்கம்தான் ஸ்டாண்டர்டு பிராப்ளம். இப்போது வரிசையாகப் பல இருக்கின்றன. புதியவருக்கு ஏற்றது நான்காவது.

விவரம் இதுதான். பெர்மலாய்த் தகடு, நீளம் 500, அகலம் 125, தடிமன் 3 நானோமீட்டர். நிறைவுக் காந்தமாக்கல் மீட்டருக்கு 8 லட்சம் ஆம்பியர். எக்ஸ்சேஞ்ச் மாறிலி (பக்கத்து ஸ்பின்கள் பிணைந்திருக்கும் வலு) மீட்டருக்கு 13 பிக்கோ ஜூல். அனைசோட்ரபி கிடையாது. தணிப்பு 0.02. முதலில் தகட்டை ஆங்கில எஸ் எழுத்தைப் போல ஓரங்களில் மட்டும் வளைந்த ஓய்வுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் நீளவாக்கில் மைனஸ் 24.6, அகலவாக்கில் 4.3 மில்லிடெஸ்லா புலத்தைச் சட்டென்று போட்டு, ஒரு நானோ விநாடிக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எதில் ஓட்டுவது? இரண்டு வழி சொல்கிறேன். என்விடியா கிராபிக்ஸ் கார்டு இருந்தால், பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மியூமேக்ஸ்3. இதை விளக்கும் பேப்பர் 2014ல் வந்தது. பெயர் மியூமேக் போல இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், இது வேறு. கார்டு இல்லாவிட்டால் கூகுள் கோலாப்பில் இலவசமாகக் கிடைக்கும் கார்டு இந்தக் கணக்குக்குத் தாராளம். இரண்டாவது வழி நிஸ்ட்டின் ஊம்ஃப். வயதான நிரல், சாதாரணச் சிபியுவிலேயே ஓடும். அதன் உள்ளீட்டுக் கோப்பைப் பார்த்து மிரளுபவர்களுக்காக உபர்மேக் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. ஜூப்பிட்டர் நோட்புக்கில் உட்கார்ந்தபடி ஊம்ஃபை ஓட்டலாம். இவை எல்லாமே இலவசம். காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள்.

ஓட்டியதும் மூன்று திசைகளிலும் சராசரி காந்தமாக்கல் நேரத்தோடு மாறுவதை வரையுங்கள். நீளவாக்குக் கூறு முதல்முறை பூஜ்யத்தைக் கடப்பது 0.14 நானோ விநாடியை ஒட்டி வர வேண்டும். மற்றவர்கள் அனுப்பிய வளைவுகள் நிஸ்ட் தளத்தில் கிடக்கின்றன. உங்கள் வளைவை அவற்றின்மேல் வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் ஆரம்ப நிலைதான் காரணம்: எஸ்ஸுக்குப் பதில் சி வடிவத்தில் நின்றிருக்கும். பொருந்திவிட்டால் இரண்டாவது புலத்துக்குப் போங்கள்: நீளவாக்கில் மைனஸ் 35.5, அகலவாக்கில் மைனஸ் 6.3. அது கொஞ்சம் முரட்டுக் கணக்கு. செல் அளவு, நேரப்படி எதில் சோம்பல் பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இதே கணக்கை இரண்டு சாஃப்ட்வேரிலும், 5 நானோமீட்டர் செல்லிலும் 2.5 நானோமீட்டர் செல்லிலும் ஓட்டி ஒரே படத்தில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படம் பின்னால் ஒரு வேலைக்குத் தேவைப்படும்.

படி 5: செல், அலகு, வெப்பம்

ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் எக்ஸ்சேஞ்ச் நீளம் என்று ஒன்று உண்டு. அதற்குள் காந்தமாக்கல் பெரிதாகத் திரும்பாது. பெர்மலாய்க்கு 5.7 நானோமீட்டர். கடினக் காந்தமானால் டொமைன் சுவரின் அகலம் முக்கியம். நியோடிமியம் காந்தத்தில் அது சுமார் 4 நானோமீட்டர்தான். உங்கள் செல் இவற்றில் எது சிறியதோ அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். பாதியாக இருந்தால் நிம்மதி. பெரிய செல் போட்டாலும் நிரல் எதுவும் சொல்லாமல் ஓடும், அதுதான் ஆபத்து. மியூமேக்ஸ்3யில் அடுத்தடுத்த செல்களுக்கு இடையிலான அதிகபட்சக் கோணத்தைக் கேட்டு வாங்கலாம். அது முப்பது டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் அந்த ஓட்டத்தை நம்பாதீர்கள்.

அலகு விஷயத்தில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். காந்தவியல்காரர்கள் பாதிப்பேர் இன்னும் ஓர்ஸ்டெட், கௌஸ், ஈ.எம்.யு. என்றுதான் எழுதுகிறார்கள். பழைய பேப்பர் ஒன்றில் நிறைவு மதிப்பைக் கௌஸில் கொடுத்திருந்தார்கள். அது காந்தமாக்கல் அல்ல, காந்தமாக்கலை நான்கு பையால் பெருக்கிய மதிப்பு. நான் கவனிக்காமல் அப்படியே மாற்றிப் போட்டேன். கணினிக்குள் என் காந்தம் பன்னிரண்டரை மடங்கு வலுவாகிவிட்டது. அப்படி ஒரு பொருள் பூமியிலேயே கிடையாது. படம் மட்டும் பிரமாதமாக வந்தது. சுழல் மேல் சுழல், பார்க்கவே கோலம் போட்டதுபோல. இரண்டு மாத ஓட்டம். குழுக் கூட்டத்தில் சோதனைக்கூடத்து மாணவி ஒருத்தி, "உங்க சேம்பிள் இரும்பைவிட ஆறு மடங்கு ஸ்ட்ராங்கா இருக்கே அண்ணா, எங்க கிடைச்சது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எந்த எண்ணை எடுத்தாலும் முதலில் இரும்பின் மதிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பேன்: மீட்டருக்குச் சுமார் 17 லட்சம் ஆம்பியர். மனப்பாடமாக வைத்துக்கொள்ள இன்னும் இரண்டு: 1 கிலோ ஓர்ஸ்டெட் என்றால் 0.1 டெஸ்லா, கன சென்டிமீட்டருக்கு 1 ஈ.எம்.யு. என்றால் மீட்டருக்கு 1,000 ஆம்பியர்.

வெப்பம் இன்னொரு பொறி. மைக்ரோமேக்னெடிக் நிரல்களில் வெப்பநிலை என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் 300 என்று போட்டால் அறை வெப்பநிலை வந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. அந்த நிரல் செய்வதெல்லாம் ஒவ்வொரு செல்லுக்கும் தாறுமாறான ஒரு சிறு புலத்தைச் சேர்ப்பதுதான். அதன் வலு செல்லின் கனஅளவைப் பொறுத்தது. செல்லை மாற்றினால் விடையும் நகரும். அதோடு, வெப்பத்தில் காந்தமாக்கலின் நீளமே குறையும், சாதாரண எல்.எல்.ஜி.யில் நீளம் மாறாது. லேசரால் சூடாக்கி எழுதும் ஹார்டு டிஸ்க்கைப் போல, இரும்பு–பிளாட்டினத் துகள், காந்த ஒழுங்கு கலையும் கியூரி வெப்பநிலை அருகே போகும் கணக்குகளுக்கு நடுத்தளத்து அணு மாடலோ, 1997ல் கரானின் தந்த லாண்டா–லிஃப்ஷிட்ஸ்–ப்ளாக் சமன்பாடோதான் சரி.

படி 6: எந்தக் கேள்வி?

இதுவரை சொன்னதை ஆறு மாதத்தில் முடித்துவிடலாம். இனிமேல் சொல்வதுதான் வாழ்க்கைப் பிரச்சினை.

ஸ்கிர்மியான் (முடிச்சுப் போன்ற மிகச் சிறு ஸ்பின் சுழல்), ஸ்பின் அலை, எம்ரேம் (காந்த நினைவகம்), நானோ துகளைச் சூடாக்கிப் புற்றுநோய் சிகிச்சை என்று வாசல்கள் நிறைய. பாறைக்குள் இருக்கும் மேக்னடைட் துகள் பல கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பூமியின் காந்தப்புலத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதையும் இதே சமன்பாட்டால்தான் புவி இயற்பியல்காரர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்கென்றே மெரில் என்று ஒரு நிரல் உண்டு. கூட்டம் குறைவான வாசல் அது. ஸ்கிர்மியான் வாசலில் நல்ல கூட்டம். 2009ல் மாங்கனீஸ் சிலிசைடில் கண்டதிலிருந்து ஓய்வில்லை. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் சொந்தக் கேள்வி இல்லாமல் போகாதீர்கள்.

எனக்குப் பிடித்த கேள்வி நிலைக்காந்தங்களில் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் சகாவாவும் அமெரிக்காவில் குரோட்டும் தனித்தனியே எட்டிய நியோடிமியம்–இரும்பு–போரான் காந்தம்தான் இன்று மின்சாரக் காரின் மோட்டாரிலும் காற்றாலையிலும் இருப்பது. ஸ்டோனர்–வோல்ஃபார்த் கணக்கைப் போட்டால் அது புரள ஏழரை டெஸ்லா வேண்டும். நிஜத்தில் கடையில் வாங்கும் சாதாரணக் காந்தம் ஒரு டெஸ்லாவை ஒட்டியே புரண்டுவிடும். கணக்குக்கும் நிஜத்துக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருப்பதற்கு பிரவுன் முரண் என்று பெயர். துகள் விளிம்பில் படிகம் கெட்டிருக்கும், அங்கே அனைசோட்ரபி குறைந்திருக்கும், மூலைகளில் சொந்தப் புலமே எதிராக இழுக்கும். காந்தமாக்கல் புரள்வது அங்கே தொடங்கி உள்ளே பரவும். இதைத் தடுக்க டிஸ்ப்ரோசியம் என்ற அரிய மண் தனிமத்தைச் சேர்க்கிறார்கள். அது விலை அதிகம், சீனாவைச் சார்ந்திருக்க வேண்டும். அது இல்லாமல் எப்படிச் செய்வது என்பதில் உலகமே தலையை உடைத்துக்கொண்டிருக்கிறது.

மாடல் செய்பவரின் தலைவலியும் இங்கேதான். அந்தக் காந்தத்தின் ஒரு துகள் சுமார் 5 மைக்ரான். சுவரோ 4 நானோமீட்டர். ஆகவே 2 நானோமீட்டர் செல் வேண்டும். ஒரே துகளுக்கு 1,500 கோடிக்கும் மேல் செல்! யாரும் அதைச் செய்வதில்லை. துகளைச் சிறிதாக்குவார்கள், விளிம்பில் மட்டும் நுணுக்கமாகவும் உள்ளே பெரிதாகவும் வலைபின்னி ஃபைனைட் எலிமென்ட் முறைக்குப் போவார்கள், ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுத்துப் பார்ப்பார்கள். எதை விட்டுவிட்டோம், விட்டதால் விடை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தெரிந்தால் நீங்கள் இந்தத் தொழிலுக்குள் வந்துவிட்டீர்கள்.

படி 7: கைடும் உதவித்தொகையும்

இந்தியாவில் என்றால் சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட், கேட், ஜெஸ்ட் ஆகிய தேர்வுகளில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. 2023லிருந்து இந்த விகிதம். ஐரோப்பாவுக்குப் போக நினைத்தால் மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் விளம்பரங்களைப் பாருங்கள். சம்பளம் நன்றாக இருக்கும். அதற்கு ஒரு விதி உண்டு: போகும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஊரிலிருந்து நேராகப் போகும் நமக்கு அது சாதகம்தான்.

கைடுக்கு மெயில் எழுதுவதைப் பற்றி. "மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் புகழ்பெற்ற ஆராய்ச்சியில் எனக்குப் பேரார்வம்" என்ற தினுசில் ஐம்பது பேருக்கு ஒரே மெயில் போடுவது வீண். அவருடைய கடைசி இரண்டு பேப்பரைப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஒரு இடத்தை இரண்டு வரியில் கேளுங்கள். அதோடு, நான்காவது படியில் வரைந்து வைக்கச் சொன்னேனே, அந்தப் படத்தையும் நிரலின் இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியல் எல்லாரிடமும் இருக்கிறது. இரண்டு நிரல், இரண்டு செல் அளவு, நான்கு வளைவும் ஒன்றின்மேல் ஒன்று என்று ஒரு படம் வந்தால் நான் அந்த மெயிலை மூடமாட்டேன்.

சேர்வதற்கு முன் அந்தக் குழுவின் பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிப் பாருங்கள். அளவீடு செய்யும் லேப் அதே வளாகத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த லேப்பின் மேசையருகே போய் நின்று மாதிரி எப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்க்காத மாடலர், விளிம்புகள் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று நம்பிக்கொண்டே தீசிஸ் எழுதிவிடுவார்.

கணினிக்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். மேல்தளத்துக்காரருக்கு ஒரு நல்ல கார்டு போதும். கீழ்த்தளத்துக்காரருக்குக் கிளஸ்டர் வேண்டும். தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் பல இடங்களில் வந்துவிட்டன. திருச்சி என்.ஐ.டி.யில் 2022ல் தொடங்கிய 838 டெராஃப்ளாப் இயந்திரத்துக்குப் பரம் பொருள் என்று பெயர். காந்தப் பொருள் கணக்கிடுபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது!

கோடைப் பள்ளிகளைத் தவறவிடாதீர்கள். ஐ.ஈ.ஈ.ஈ. மேக்னெடிக்ஸ் சொசைட்டி ஆண்டுதோறும் ஒரு நாட்டில் நடத்தும். 2012ல் அது சென்னைக்கே வந்தது. ஐரோப்பியக் காந்தவியல் பள்ளியும் நல்லது. போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை) தேடும் நேரத்தில், அங்கே பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள்தான் "எங்க குழுவில ஒரு இடம் வருது" என்று எழுதுவார்கள்.

படி 8: பிஎச்.டி.க்குள்ளும் அப்புறமும்

முதல் ஆண்டில் வேறொருவரின் பேப்பரை முழுதாகத் திரும்பச் செய்து பாருங்கள். எண் வராது. ஏதோ ஒரு அளவை எழுதாமல் விட்டிருப்பார்கள். அதைத் தேடும்போது கற்றுக்கொள்வது எந்த வகுப்பிலும் கிடைக்காது. உங்கள் பேப்பரில் அந்தத் தப்பைச் செய்யாமல் உள்ளீட்டுக் கோப்புகளை ஸெனோடோ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனிக் கோப்புறை, உள்ளே நிரலின் பதிப்பு எண், செல் அளவு, ஏன் ஓட்டினேன் என்று ஒரே வரி. "ஃபைனல்", "ஃபைனல் 2", "உண்மையான ஃபைனல்" என்று பெயர் வைத்த கோப்புறைகளில் நான் தொலைத்த நாட்களை எண்ணினால் ஒரு பேப்பர் எழுதியிருக்கலாம்.

முடித்ததும் போஸ்ட்டாக். இரண்டிரண்டு ஆண்டாக இரண்டு மூன்று இடம் மாறுவது சாதாரணம், குடும்பத்துக்கு அது சிரமம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது இடம் வேறு தளமாக இருந்தால் நல்லது: மைக்ரோமேக்னெடிக்ஸில் பிஎச்.டி. என்றால் அணு மாடல் செய்யும் குழுவில் போஸ்ட்டாக். ஆசிரியர் வேலைக்கான நேர்காணலில், "உங்கள் கைடு இல்லாமல் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்தே தீரும். இரண்டு தளங்களுக்கு நடுவே உள்ள படிக்கட்டில் நிற்பவருக்கு அதற்கு விடை சொல்வது சுலபம். இந்தியாவில் உதவி, இணை, முழுப் பேராசிரியர் என்று ஏணி. பிரிட்டனில் லெக்சரர், சீனியர் லெக்சரர், ரீடர், புரொஃபசர்.

எல்லாருக்கும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாது. அது தோல்வியும் இல்லை. ஹார்டு டிஸ்க் நிறுவனங்கள் இந்த வேலையை உள்ளுக்குள்ளேயே செய்கின்றன. வாம்பயர் உருவான யார்க் குழுவின் ராய் சான்ட்ரெல் அங்கே வருவதற்கு முன் பிட்ஸ்பர்க்கில் சீகேட்டின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர். ஆக, கதவு இரண்டு பக்கமும் திறக்கும். நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் தீசிஸ் முழுவதையும் அனுப்ப வேண்டாம். ஒரு பக்கம் போதும்: எந்தச் சோதனையோடு உங்கள் எண் பொருந்தியது, எதில் பொருந்தவில்லை, பொருந்தாததற்கு என்ன காரணம் என்று கண்டுபிடித்தீர்கள். மூன்றாவதைத்தான் அவர்கள் முதலில் படிப்பார்கள்.